உன் அப்பா நீந்தி, மிதித்து, ஓடிய நாள்

தம்பி,

நீயும் மருமகளும் நலம் என்று போன வாரம் போனிலேயே சொல்லிவிட்டாய். அதையே மறுபடி கேட்டு இங்கே ஒரு வரியை வீணாக்கப்போவதில்லை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். உனக்குப் பிடிக்காத பேச்சை எடுத்தால் போதும், "சிக்னல் இல்லம்மா" என்று வைத்துவிடுகிறாய். ஜவ்வாது மலையின்மேல் உட்கார்ந்திருக்கிற எனக்குக் கிடைக்கிற சிக்னல் சென்னையில் இருக்கிற உனக்குக் கிடைக்காமல் போவது நல்ல வேடிக்கைதான். காகிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. கோபத்தில் கிழித்துப் போடலாம். ஆனால் கிழிப்பதற்கு முன்னால் முழுக்கப் படித்துவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும்.

ட்ரையத்லான் என்று ஒரு பேர் சொன்னாய். கடலில் நீந்திவிட்டு, ஈரம் காயும் முன்பே சைக்கிள் மிதித்து, அதோடு விடாமல் ஓடவும் வேண்டுமாம். ஐம்பதைத் தொடப்போகிற வயதில் முதல் தடவையாகக் கலந்துகொள்கிறாய். "இந்தக் குடும்பத்துல இதெல்லாம் செய்யற மொத ஆளு நான்தான்ம்மா" என்று சிரித்தாய். விடிவதற்கு முன்பே எழுந்து நீ எதற்காக நீச்சல் குளத்துக்குப் போகிறாய் என்று எனக்குத் தெரியும். கயல் வீட்டைவிட்டுப் போய், தனக்குப் பிடித்தவனைக் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து உனக்குத் தூக்கம் இல்லை. "எனக்குப் பொண்ணே இல்ல" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிவிட்டாய், கூடத்தில் மாட்டியிருந்த அவள் படத்தைக் கழற்றிவிட்டாய். அவள் பேரைக்கூட வாயில் எடுப்பதில்லை, "அவ" என்கிறாய். அதனால்தான் இந்தக் கடிதம் முழுக்க நான் அவள் பேரை எழுதப்போகிறேன். நீ ஓடி முடிக்கிற இடத்தில் வந்து நிற்கட்டுமா என்று கயல் என்னிடம் கேட்டாள். அவளுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். அதற்கு முன்னால், இந்தக் குடும்பத்தில் முதல் ஆள் நீ இல்லை என்பதைத் தெரிந்துகொள். முதல் ஆள் உன் அப்பா. அந்தப் போட்டியின் முடிவில் நீயும் இருந்தாய், என் இடுப்பில்.

நான் மலைக்காரி இல்லை என்பது உனக்குத் தெரியும். கலசப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஏரிப்பாசன ஊர் எங்களுடையது. என் அப்பாவை நான் நைனா என்று கூப்பிடுவேன். நெல் விளைந்தது போக, மலைமேல் புளியமரங்களைக் குத்தகைக்கு எடுத்துப் புளி வியாபாரமும் செய்தார். உன் அப்பா அந்தப் புளியை உலுக்கி, மூட்டை கட்டி, மலைப்பாதையில் சுமந்து எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்குகிற ஆள். எங்களுக்குள் எப்படி ஆரம்பித்தது என்பதையெல்லாம் மகனுக்கு எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எட்டாவது முடித்து வீட்டில் உட்கார்ந்திருந்த பெண்ணும், சிரித்தால் கண் மூடிக்கொள்கிற ஒரு மலைக்காரனும் என்று வைத்துக்கொள். மலையேறிவந்து கோயிலில் தாலி கட்டிக்கொண்டோம்.

சேதி கேட்ட அன்றைக்கே நைனா எனக்குத் தலைமுழுகினார். இதைக் கோபத்தில் சொல்கிற வெறும் பேச்சு என்று நினைக்காதே. எங்கள் ஊரில் அதை நிஜமாகவே செய்வார்கள். ஊர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு ஏரிக்குப் போய், செத்தவர்களுக்கு முழுகுவதுபோல் முழுகி, ஈர வேட்டியோடு வீட்டுக்கு வந்து ஒரு சட்டியைப் போட்டு உடைத்தார். அதன்பிறகு நான் செத்தவள். என் கையால் அந்த வீட்டார் தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கூடாது. என் பேரைச் சொல்லக் கூடாது. அந்த வீட்டு நல்லது கெட்டது எதுவும் எனக்கு வந்து சேராது. ஆனால் எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. ஏக்கம்தான் வந்தது. நீ பிறந்தபோது உன்னைத் தூக்கிக்கொண்டு மலை விளிம்பில் நின்று, கீழே ஏரி மினுங்குகிற திசையைக் காட்டி, "அதோ தாத்தா வூடு" என்று சொல்வேன். நீயும் கையை நீட்டுவாய், உனக்கு என்ன தெரியும்.

உனக்கு விவரம் தெரியாத வயசு அது. எழுபதுகள் முடியப்போகிற சமயம். கீழே நான் பிறந்த ஊர் இளைஞர் மன்றத்தில் புதிதாக ஒரு வாத்தியார் சேர்ந்திருந்தார். வெளிநாட்டில் இப்படி ஒரு போட்டி நடக்கிறது என்று எங்கோ படித்துவிட்டு, பொங்கலுக்கு நாமும் நடத்தலாம் என்று கிளம்பிவிட்டார். ஏரியை நீந்திக் கடக்க வேண்டும், கரையிலிருந்து மலையடிவாரம் வரை சைக்கிள், அங்கிருந்து கால்பாதையில் மலையேறி ஜமுனாமரத்தூர் சந்தைத் திடல் வரை ஓட்டம். பஸ் நிற்கிற இடத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். உன் அப்பா அதைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். முதலில் வருகிறவருக்கு மாலை போடப்போவது நைனா என்று அதில் அச்சடித்திருந்தது.

"இன்னாமே, கேட்டியா? உங்க நைனா கையால மாலை! நான் மொதல்ல வந்துட்டா அவுரு எனக்குப் போட்டுத்தானே ஆவணும்? அத்தினி ஜனம் பாக்கறப்ப மாட்டேன்னு சொல்லுவாரா?"

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். "ஏரியில எறங்கணும்ங்க. உங்களுக்கு மொழங்காலுக்கு மேல தண்ணி வந்தாலே கண்ணு சொருவுது" என்றேன். சிரித்தேனே ஒழிய எனக்கும் ஆசை பற்றிக்கொண்டது. எங்கள் கல்யாணத்தில் மாமனார் கையால் அவருக்கு மாலையும் இல்லை, மரியாதையும் இல்லை. மாலை விழுந்துவிட்டால் உறவு வந்துவிட்டது என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம். மாப்பிள்ளைக்கு மாமனார் போடுகிற மாலையும், பந்தயத்தில் ஜெயித்தவனுக்கு ஊர்ப் பெரியவர் போடுகிற மாலையும் வேறு வேறு என்பது அப்போது எங்கள் புத்திக்கு எட்டவில்லை.

உன் அப்பாவுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தது நான்தான். கிணற்றில் குதித்து வளர்ந்தவள் நான். இந்த மலையில் யாருக்கும் நீந்தவேண்டிய அவசியமே இல்லை, ஓடைகளில் கணுக்கால் நனையும், அவ்வளவுதான். நம் ஊருக்குக் கீழே ஓடை திரும்புகிற இடத்தில் ஒரு மடு உண்டே, அங்கே அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி, என் சேலையை வரிந்து செருகிக்கொண்டு, இடுப்புத் தண்ணீரில் நின்று கத்துவேன். பாறைமேல் உன்னை உட்காரவைத்துக்கொண்டு ஊர்ப்பெண்கள் வேடிக்கை பார்ப்பார்கள். ஒருத்தி, "பொண்டாட்டிகிட்ட நீச்சல் கத்துக்கற ஆம்பளய இப்பத்தான்டீ பாக்கறேன்" என்று சொல்ல, மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவர் கவலைப்படவே இல்லை. "சிரிக்கட்டும் வுடு. நீ சொல்லு, காலை எப்பிடி அடிக்கணும்?" என்பார். தண்ணீருக்குள் போனதும் உடம்பைக் கட்டைபோல் இறுக்கிக்கொள்வார், உடனே முழுகுவார். "தண்ணி உங்கள ஒண்ணும் பண்ணாது, உடம்ப அது கையில குடுத்துடுங்க" என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டிப்போனது. மார்கழிக் குளிரில் உதடு நீலம் பாரித்துப்போய் நடுங்கிக்கொண்டே, "இன்னும் ஒரு வாட்டிமே" என்பார். நீயும் இப்போது புதிதாகப் பழகுகிறாய். உடம்பை இறுக்காதே. உன் அப்பாவின் உடம்புதான் உனக்கும்.

சைக்கிளை ஜமுனாமரத்தூரில் வாடகைக்கு எடுத்து, சந்தை இல்லாத நாட்களில் திடலில் ஓட்டிப் பழகினார். நேராகப் போவார். திரும்பத்தான் வராது. திரும்பவேண்டிய இடம் வந்தால் இறங்கி, சைக்கிளைத் திருப்பி வைத்து, மறுபடி ஏறிக்கொள்வார். முழங்கால் இரண்டிலும் தோல் போயிற்று. ஓடுவதை மட்டும் அவர் பழகவே இல்லை. மூட்டையில்லாமல் மலையேறச் சொன்னால் அது அவருக்கு ஓய்வெடுக்கிற மாதிரி.

போட்டியன்று நான் ஏரிக்கரைக்குப் போக முடியாது, செத்தவள் எப்படிப் போவது? அங்கே நடந்ததெல்லாம் அவர் பிறகு சொல்லிக் கேட்டதுதான். கரையில் கொடியசைத்து ஆரம்பித்துவைத்தது நைனாவாம். உன் அப்பா அவரைப் பார்த்துக் கும்பிட்டாராம். நைனா ஏரியைப் பார்த்தாராம். வந்த பையன்களெல்லாம் ஏரியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், அம்புபோலப் போய்விட்டார்கள். இவர் நடு ஏரியில் தனியாக, வாயில் தண்ணீர் போய், இருமிக்கொண்டு கிடந்திருக்கிறார். பரிசலில் கூடவே வந்தவன், "ஏறிக்கடா, சாவாத" என்று கை நீட்டியிருக்கிறான். இவர் மாட்டேன் என்று தலையாட்டிவிட்டு, மல்லாந்து மூச்சுவாங்கி, மறுபடி புரண்டு நீந்தியிருக்கிறார். எல்லாருக்கும் கடைசியில் கரையேறினார். எனக்கு நைனா முழுகின அதே ஏரி. "உன்னைத் தொலச்ச தண்ணியிலேர்ந்து உன்னை எடுத்துக்கினு வர்ற மாதிரி இருந்திச்சுமே" என்று அன்று ராத்திரி சொன்னார். அதிகம் பேசாத மனிதர், அவர் வாயில் அப்படி ஒரு வார்த்தை வந்ததை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

சைக்கிளிலும் ஒரே கூத்து. முதல் திருப்பத்திலேயே வரப்பில் விழுந்து, எழுந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஓடியிருக்கிறார். அவர் ஓட்டியதைவிட அதுதான் வேகமாக இருந்ததாம். வாத்தியார் பின்னாலேயே வந்து, "ஏறி ஓட்டுப்பா! ஏறி ஓட்டணும்!" என்று கத்தியிருக்கிறார். அடிவாரத்தில் சைக்கிளைப் போட்டுவிட்டுக் கால்பாதையில் கால்வைத்த பிறகுதான் போட்டி அவருக்குப் போட்டியானது. கான்வாஸ் ஷூ போட்ட பையன்கள் முதல் ஏற்றத்திலேயே இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டார்கள், இரண்டாவது ஏற்றத்தில் உட்கார்ந்தேவிட்டார்கள். இவர் வெறுங்காலோடு ஒவ்வொருவராகத் தாண்டி, போகிறபோக்கில் "குனிஞ்சி ஏறுப்பா, நெஞ்சு நோவாது" என்று அவர்களுக்கும் சொல்லிக்கொடுத்துக்கொண்டே போயிருக்கிறார். பிழைக்கத் தெரியாதவர் என்று நான் அவரைத் திட்டுவது இதற்குத்தான்.

போளூர் வழியாகச் சுற்றி ஜீப்பில் வந்த பெரியவர்கள் அதற்குள் திடலில் உட்கார்ந்திருந்தார்கள். பந்தலுக்குக் கீழே ஒரு மேசை, அதன்மேல் கோலி சோடா வரிசை, ஒரு தட்டில் சாமந்தி மாலை. நான் ஓடிவருகிறவர்களுக்குத் தண்ணீர் ஊற்றுகிற பெண்களோடு ஒரு குடத்தை வைத்துக்கொண்டு, உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு நின்றேன். தாலி கட்டிக்கொண்டு வந்தபிறகு நைனாவை அன்றுதான் பார்க்கிறேன். முடி முழுக்க நரைத்திருந்தது. அவர் என் பக்கம் திரும்பவில்லை. திடலில் இருந்த அத்தனை பேருக்கும் நான் யார் என்று தெரியும், எல்லாரும் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாதை முடிகிற இடத்தில் முதலில் தெரிந்த தலை உன் அப்பாவுடையது. ஊரே கத்தியது. நீயும் எதற்கென்று தெரியாமல் கையைத் தட்டினாய். முழங்காலில் ரத்தமும் சேறுமாக வந்து, கோட்டைத் தாண்டி, நேராக நைனாவுக்கு முன்னால் போய்க் கைகூப்பி நின்றார். வாத்தியார் மாலைத் தட்டை நீட்டினார். நைனா அதைக் கையில் எடுத்தார். கடவுளே, போட்டுவிடட்டும், போட்டுவிடட்டும் என்று உன் முதுகைப் பிடித்து அழுத்தியதில் நீ அழ ஆரம்பித்துவிட்டாய். நைனா மாலையைப் போட்டார். போட்டுவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி, "நல்லா ஓடினப்பா. எந்த ஊரு நீ?" என்று கேட்டார்.

ஏழு வருஷம் அவர் வீட்டு வாசலில் புளிமூட்டை இறக்கிய மனிதரை அப்படிக் கேட்டார். உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "இதே ஊருதாங்க" என்றார். "அப்பிடியா, நல்லா இரு" என்று சொல்லிவிட்டு நைனா நகர்ந்தார்.

அதோடு முடிந்திருந்தால் நான் அழுது தீர்த்துவிட்டு மறந்திருப்பேன். நைனா சோடா வைத்திருந்த மேசைக்குப் போகவில்லை. ஒருத்தன் உடைத்து நீட்டிய சோடாவைக் கையால் விலக்கிவிட்டு, மற்றப் பெண்களையெல்லாம் தாண்டி, என் குடத்துக்கு முன்னால் வந்து நின்றார். முகத்தைப் பார்க்காமல், "யாரும்மா அது, கொஞ்சம் தண்ணி ஊத்து" என்று குனிந்து இரண்டு கையையும் குவித்தார். நான் ஊற்றினேன். குடித்துக்கொண்டே இருந்தார், அவ்வளவு தாகம் யாருக்கும் இருக்காது. மூக்கிலும் கழுத்திலும் வழிந்தது. அது எல்லாமே நான் ஊற்றிய தண்ணீர்தானா என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. நிமிர்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உன் தலைக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுவந்து, தொடாமல் எடுத்துக்கொண்டார். "யாரு பெத்த பொண்ணோ, நல்லா இரும்மா" என்றார். ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அன்று ராத்திரி மாலையை நிலைப்படியில் மாட்டிவிட்டு உன் அப்பா சந்தோஷத்தில் குதித்தார். "தண்ணி குடிச்சாரு பாத்தியா? உன் கையால குடிச்சாருமே! முழுவுனது போச்சு, அவ்ளோதான்!" நான் சொன்னேன், "அவுரு குடிச்சது எவளோ ஒருத்தி கையாலங்க. அவுரு பொண்ணு கையால இல்ல." எங்கள் இருவருக்கும் அந்த வாக்குவாதம் அவர் கண்ணை மூடுகிறவரை தீரவே இல்லை. நைனா வேறு வழி தெரியாமல் ஒரு வழி கண்டுபிடித்து வந்தார் என்பார் அவர். மகளிடம் வாங்கிக் குடிக்க முடியாது, தெரியாதவளிடம் குடிக்கலாமே, அதனால் தெரியாதவளாக்கிக்கொண்டு வந்தார் என்பார். இருக்கலாம். அவரைப்போல நல்லதையே நினைக்க எனக்கு வராது. என் நைனாவின் மனசு இளகியிருந்தது என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கௌரவம் கொஞ்சமும் குறையாமல், எவ்வளவு பாசம் காட்ட முடியுமோ அவ்வளவை மட்டும் காட்டிவிட்டுப் போனார். அவர் தாகம் தீர்ந்தது. எனக்குத் தீரவில்லை.

அடுத்த பொங்கலுக்கு மறுபடி வருவார், இந்தத் தடவை பேர் சொல்லிவிடுவார் என்று நானும் ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த வருஷம் போட்டி நடக்கவில்லை. வாத்தியாரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். மழைக்காலம் முடிந்து ஒருநாள் சந்தைக்குப் போனபோது, கீழேயிருந்து வந்த புளி வியாபாரி ஒருவர் என்னைப் பார்த்துத் தயங்கி நின்றார். "உனக்குச் சேதி வரலியாம்மா? உங்கப்பாவுக்குக் காரியமெல்லாம் முடிஞ்சி ஒரு மாசம் ஆவுதே" என்றார். செத்தவளுக்குச் சாவுச் சேதி எப்படி வரும்? உன்னை அப்பாவிடம் விட்டுவிட்டு நான் தனியாக மடுவுக்குப் போய், நைனாவுக்காகத் தலைமுழுகினேன். தண்ணீருக்குள்ளேயே அழுதேன், கரையில் நின்று அழுதால் யாராவது கேட்டுவிடுவார்கள் என்று.

இதையெல்லாம் உன்னிடம் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் உன் அப்பாதான். மாமனார் தன்னை ஏற்றுக்கொண்டார் என்ற நம்பிக்கையிலேயே அவர் போய்ச்சேர்ந்தார். அந்த நம்பிக்கைக்குப் பக்கத்தில் என் துக்கத்தை வைக்க எனக்கு மனசு வரவில்லை. இப்போது நீ உன் மகளுக்கு அதையே செய்கிறாய். சட்டி உடைக்கவில்லை, படத்தைக் கழற்றினாய், அவ்வளவுதான் வித்தியாசம். நீ கல்நெஞ்சக்காரன் இல்லை. கடற்கரையில் கயலைப் பார்த்தால் உனக்கும் மனசு இளகும். ஆனால் பக்கத்தில் நண்பர்கள் இருப்பார்கள், சொந்தக்காரர்கள் இருப்பார்கள். யாரோ ஒரு பெண்ணிடம் பேசுவதுபோல "எப்ப வந்தீங்க, நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போகலாம் என்று தோன்றும். உன் உடம்பில் ஓடுவது உன் அப்பா ரத்தம் மட்டும் இல்லை, என் நைனாவின் ரத்தமும்தான், அதனால்தான் பயப்படுகிறேன்.

கயலுக்கு நான் சொன்ன பதில் இதுதான். போ, ஓடி முடிக்கிற இடத்திலேயே நில். கையில் தண்ணீர் பாட்டிலோ துண்டோ எதுவும் எடுத்துக்கொண்டு போகாதே, வெறுங்கையோடு நில். உன் அப்பன் உன்னை யாரோபோல விசாரித்தால் பதில் சொல்லாதே. எவ்வளவு அன்பாக விசாரித்தாலும் சொல்லாதே, திரும்பி வந்துவிடு. பாட்டி அந்த ஒரு வாய் வார்த்தையை வாங்கி வைத்துக்கொண்டு என்ன பாடுபட்டாள் என்று உனக்குத் தெரியாது.

தம்பி, அவளைப் பார்த்ததும் கயல் என்று கூப்பிடு. உன்னால் முடியாதென்றால் பார்க்காமல் தாண்டிப் போய்விடு, அவள் அழுதுவிட்டு வேறு வாழ்க்கையைப் பார்ப்பாள். இரண்டுக்கும் நடுவில் மட்டும் அவளை நிறுத்திவிடாதே. நடுவில் நிறுத்தப்பட்டவள் நான். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வயசில் இப்போது யாருமே உயிரோடு இல்லை, ஆனாலும் சந்தைத் திடலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் என் கால் தன்னால் நிற்கிறது.

அம்மா